பாஸ்கல் பந்தயமும் பாதியில் கலைந்த ஆட்டமும்

"கடவுளை நம்பி வைப்போம். இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை." ஆத்திகம், நாத்திகம் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் இந்த வாதத்தை எடுத்து வைப்பார். உடனே இன்னொருவர், "இது பாஸ்கலின் பந்தயம்" என்பார். அதன்பின் ஒரு தரப்பு அதைக் கடவுள் இருப்பதற்கான சான்றாகக் கொண்டாடும், மறுதரப்பு அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கும்.

இரண்டுமே பாஸ்கல் எழுதியதைத் தொடவில்லை. அவர் எழுதியது சான்றும் அல்ல, மேலே உள்ள இரண்டு வரியும் அல்ல. அது ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு வேண்டிய கருவியை 1654-ஆம் ஆண்டு கோடையில், கடவுளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சூதாட்டக் கேள்விக்காக அவரே செய்துகொண்டார். கருவியைப் புரிந்துகொள்ளாமல் பந்தயத்தைப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம். ஆகவே கருவியிலிருந்தே தொடங்குவோம்.

## பாஸ்கல் யார்?

பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியேன் வரி வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் பதவி வகித்தவர், கணிதம் அறிந்தவர். 1631-ல் பிள்ளைகள் மூவரையும் பாரிசுக்கு அழைத்துவந்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே தானே கற்பித்தார். கூம்பு வெட்டுகள் பற்றிய பாஸ்கலின் சிறு கட்டுரை 1640-ல் அச்சானது. ரூவான் நகரில் தந்தை தலையில் விழுந்த வரிக் கணக்குகளின் சுமையைக் குறைக்க, 1642-ல் பற்சக்கரங்களால் கூட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். 1648-ல் அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரான் பெரியே, பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, பாதரசக் குழாயை பூய் தெ டோம் மலைமேல் கொண்டு போனார். உச்சியில் பாதரசம் அடிவாரத்தில் இருந்ததைவிட மூன்று அங்குலத்துக்கும் மேல் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அந்த எடை குறைகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அழுத்தத்தின் அலகாக நாம் பள்ளியில் படிக்கும் 'பாஸ்கல்' இவர் பெயர்தான்.

இவற்றையெல்லாம்விட ஆழமாக உலகத்தை மாற்றியது அவருடைய 1654-ஆம் ஆண்டுக் கடிதங்கள் என்பது என் கணிப்பு.

## ஆட்டம் கலைந்தால் பணம் யாருக்கு?

ராமுவும் சோமுவும் கேரம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம பலம். ஆளுக்கு 32 காசு பணயம், மொத்தம் 64. முதலில் மூன்று போர்டு ஜெயிப்பவருக்கு முழுப் பணமும். ராமு 2, சோமு 1 என்று இருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. இனி ஆட முடியாது. 64 காசை எப்படிப் பிரிப்பது?

இது பழைய கேள்வி. இத்தாலியக் கணிதர் லூக்கா பச்சோலி 1494-ல் அச்சான தன் நூலில், ஜெயித்த போர்டுகளின் விகிதத்தில் பிரிக்கச் சொன்னார். அப்படியானால் ராமுவுக்கு 64-ல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 43 காசு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு போர்டு முடிந்து 1-0 என்று இருக்கும்போது கலைந்தால்? அந்த விதிப்படி 64-ம் ராமுவுக்கே போகும். மூன்று போர்டு அல்ல, அறுபது போர்டு ஆட்டமாக இருந்தாலும் அப்படியேதான். இந்த ஓட்டையை 1556-ல் இன்னொரு இத்தாலியக் கணிதர் தர்தாக்லியா சுட்டிக்காட்டினார். ஆனால் அவராலும் சரியான விடையைச் சொல்ல முடியவில்லை. இது கணக்கால் தீர்வதைவிட நீதிமன்றத்தில் தீர்க்கவேண்டிய விவகாரம் என்று நினைத்தார்.

எல்லாரும் எங்கே சறுக்கினார்கள்? நடந்து முடிந்ததை எண்ணினார்கள். பாஸ்கலும், தூலூஸ் நகரில் இருந்த கணிதர் பியேர் தெ ஃபெர்மாவும் இன்னும் நடக்கவேண்டியதை எண்ணினார்கள். மொத்தத் திருப்பமும் இவ்வளவுதான்.

## பாஸ்கலின் வழி: கடைசியிலிருந்து பின்னோக்கி

பாஸ்கல் 1654 ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் இதே எண்களை வைத்துத்தான் கணக்கிட்டார். கேரமுக்குப் பதில் சூதாட்டம், காசுக்குப் பதில் பிஸ்டோல் என்ற நாணயம், அவ்வளவே வேறுபாடு.

முதல் படி, 2-1 என்ற நிலை. இன்னும் ஒரு போர்டு ஆடினால் இரண்டே சாத்தியங்கள். ராமு ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் 2-2, அப்போது சரிபாதியாக 32. ஆக, எது நடந்தாலும் 32 காசு ராமுவுக்கு உறுதி. மீதமுள்ள 32-தான் ஊசலாடுகிறது. அது இருவருக்கும் சமமாகத் திறந்திருப்பதால் அதில் பாதி, 16. மொத்தம் 48. சோமுவுக்கு 16.

இரண்டாம் படி, 2-0. ராமு ஜெயித்தால் 64. தோற்றால் 2-1, அதன் மதிப்பு 48 என்று இப்போதுதான் கண்டோம். 48 உறுதி, மிச்சம் 16-ல் பாதி 8. மொத்தம் 56.

மூன்றாம் படி, 1-0. ஜெயித்தால் 2-0, மதிப்பு 56. தோற்றால் 1-1, மதிப்பு 32. 32 உறுதி, மிச்சம் 24-ல் பாதி 12. மொத்தம் 44.

படிகளின் வரிசையைக் கவனியுங்கள். முடிவுக்கு மிக அருகே உள்ள நிலையின் மதிப்பை முதலில் கண்டு, அதை வைத்து அதற்கு முந்தைய நிலையின் மதிப்பைக் காண்கிறோம். 1-0-வில் தொடங்கி முன்னோக்கிப் போனால் ஒவ்வொரு கிளையும் இரண்டு இரண்டாகப் பிரிந்து கைக்கு அடங்காது. பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்களின் சராசரி மட்டும் போதும்.

## ஃபெர்மாவின் வழி: எல்லாவற்றையும் எண்ணிவிடு

ஃபெர்மா வேறு பாதையில் போனார். 1-0 நிலையில் ராமுவுக்கு இன்னும் 2 வெற்றி தேவை, சோமுவுக்கு 3. அதிகபட்சம் நான்கு போர்டில் முடிவு தெரிந்துவிடும். நான்கு போர்டுகளும் எப்படியெல்லாம் முடியலாம் என்று எழுதினால் 2×2×2×2 = 16 வரிசைகள். அவற்றில் ராமுவுக்கு இரண்டோ அதற்கு மேலோ வெற்றி கிடைப்பவை 11. சோமுவுக்கு மூன்றோ நான்கோ கிடைப்பவை 5. ஆக ராமுவின் பங்கு 64-ல் 16-க்கு 11, அதாவது 44. பாஸ்கல் பின்னோக்கி வந்து கண்ட அதே எண்.

இங்கே பாரிஸ் கணிதர் ரோபர்வால் ஒரு மறுப்பு எழுப்பினார். ராமு முதல் இரண்டு போர்டும் ஜெயித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுமே, நடக்காத மூன்றாவது, நான்காவது போர்டுகளை ஏன் எண்ணவேண்டும்? பலரையும் இன்றுவரை தடுக்கி விழவைக்கும் கேள்வி இது. அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

உண்மையில் முடியக்கூடிய ஆட்டங்களை மட்டும் எழுதுவோம். ராமுவின் வெற்றியை 'ரா' என்றும் சோமுவின் வெற்றியை 'சோ' என்றும் குறித்தால், ராமு பக்கம் முடிபவை ஆறு: ராரா, ராசோரா, சோராரா, ராசோசோரா, சோராசோரா, சோசோராரா. சோமு பக்கம் நான்கு: சோசோசோ, ராசோசோசோ, சோராசோசோ, சோசோராசோ. மொத்தம் பத்து. அப்படியானால் ராமுவுக்குப் பத்தில் ஆறு பங்கு, 38.4 காசு என்று சொல்லத் தோன்றும்.

அது தவறு. பத்தும் சம வாய்ப்புள்ளவை அல்ல. 'ராரா' இரண்டே போர்டில் முடிவதால் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்று போர்டு வரிசைக்கு எட்டில் ஒன்று, நான்கு போர்டு வரிசைக்குப் பதினாறில் ஒன்று. ராமுவின் ஆறையும் இப்படிக் கூட்டினால் 4/16 + 2/16 + 2/16 + 1/16 + 1/16 + 1/16 = 11/16. ஃபெர்மாவின் 11 திரும்ப வந்துவிட்டது. நடக்காத போர்டுகளைச் சேர்த்து எண்ணுவது கற்பனை விளையாட்டு அல்ல. எல்லா வரிசைகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, சம வாய்ப்புள்ளவையாக ஆக்கும் உத்தி அது.

இந்தப் பிழையின் ஆயுள் நீண்டது. நூறு ஆண்டு கழித்து, 1754-ல், தாலம்பேர் போன்ற பெரிய கணிதரே இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அதை ஒரே சாத்தியமாக எண்ணியதுதான் காரணம்.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: பங்கு பிரிப்பதற்கு முடிந்துபோன ஆட்டம் அளவுகோல் அல்ல, எஞ்சியிருக்கும் ஆட்டமே அளவுகோல். எஞ்சியதை எண்ணும்போது எண்ணப்படும் ஒவ்வொன்றும் சம வாய்ப்புள்ளதாக இருக்கவேண்டும்.

## முக்கோணம் எங்கே வருகிறது?

போர்டுகள் கூடக் கூட வரிசைகளை எழுதி எண்ணுவது இயலாத காரியம். பத்துப் போர்டு என்றால் 1024 வரிசைகள். இதற்குத்தான் பாஸ்கல் எண் முக்கோணத்தைப் பயன்படுத்தினார். உச்சியில் 1. ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் 1. நடுவில் உள்ள எண் ஒவ்வொன்றும் அதன் தலைக்கு மேல் உள்ள இரண்டின் கூட்டல். உச்சியை பூஜ்ய வரிசை என்று கொண்டால், நான்காம் வரிசை 1, 4, 6, 4, 1.

விதி இது. இருவருக்கும் தேவையான வெற்றிகளைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். ராமுவுக்கு 2, சோமுவுக்கு 3 என்றால் 4. அந்த எண்ணுள்ள வரிசையை எடுங்கள். சோமுவுக்கு எத்தனை வெற்றி தேவையோ அத்தனை எண்களை இடப்புறமிருந்து கூட்டினால் ராமுவின் பங்கு: 1+4+6 = 11. மீதம் சோமுவுக்கு: 4+1 = 5. ராமுவின் பங்குக்கு ராமுவின் தேவையை எடுத்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் பிழை. எதிராளிக்குத் தேவை கூடுதலாக இருந்தால் நமக்குப் பங்கு கூடும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

முக்கோணத்தைக் கண்டுபிடித்தவர் பாஸ்கல் என்பது இன்னொரு பரவலான தவறு. பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர், பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் இதை விளக்கியிருக்கிறார். சீனாவிலும் பாரசீகத்திலும் இதை பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தார்கள். பாஸ்கல் செய்தது வேறு: அதன் பண்புகளை ஒழுங்காகத் தொகுத்து நிறுவி, பணயம் பிரிக்கும் கேள்விக்கு அதைப் பூட்டினார். அவர் எழுதிய நூல் 1665-ல், அவர் இறந்த பின்பே வெளியானது.

## எதிர்பார்ப்பு மதிப்பு

இப்போது கருவிக்குப் பெயர் வைக்கலாம். ஒவ்வொரு விளைவிலும் கிடைக்கும் தொகையை அந்த விளைவின் வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. 2-1 நிலையில் ராமுவுக்கு நான்கில் மூன்று வாய்ப்பு 64 காசு, நான்கில் ஒரு வாய்ப்பு பூஜ்யம். எதிர்பார்ப்பு மதிப்பு 48.

பெயரைக் கேட்டு, 48 கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம் என நினைத்துவிடக் கூடாது. ஆட்டம் தொடர்ந்தால் ராமுவுக்கு 64 கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. 48 ஒருபோதும் கிடைக்காது. அது ஆட்டத்தின் விளைவு அல்ல, அந்த இருக்கையின் விலை. ராமுவின் இடத்தில் உட்கார விரும்பும் மூன்றாம் நபர் 48 காசு கொடுத்தால் யாருக்கும் அநியாயம் இல்லை.

எதிர்காலத்துக்கு நியாயமான விலை வைக்க முடியும் என்ற எண்ணம் வேகமாகப் பரவியது. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1657-ல் இதை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். 'எதிர்பார்ப்பு' என்ற சொல் அதன் லத்தீன் வடிவத்திலிருந்து வந்தது. 1671-ல் டச்சு அரசியல் தலைவர் யான் தெ விட், ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் பணம் தரும் பத்திரங்களுக்கு அரசு என்ன விலை வைக்கவேண்டும் என்று இதே முறையில் கணக்கிட்டார். இன்றைய காப்பீட்டுக் கணக்கின் வேர் அங்கேதான்.

## பகடைக் கதை பற்றி

பாஸ்கலிடம் கேள்வியைக் கொண்டுவந்தவர் ஷெவலியே தெ மெரே. பாரிசின் உயர்குடி வட்டங்களில் பழகிய எழுத்தாளர். ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு 6 விழும் என்று கட்டினால் சாதகம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை 6 விழும் என்று கட்டினால் பாதகம். ஆனால் 4-க்கு 6 எப்படியோ அப்படியே 24-க்கு 36, பிறகு ஏன் வேறுபாடு என்பது அவர் குழப்பம்.

விடையை 'விழாமல் போகும்' வாய்ப்பிலிருந்து காணவேண்டும். ஒரு முறை 6 விழாமல் போக 5/6. நான்கு முறையும் விழாமல் போக 625/1296. ஆக விழ 671/1296, ஏறத்தாழ 51.8 சதவீதம். இரட்டை 6-க்கு இதே முறையில் கணக்கிட்டால் 24 உருட்டலில் 49.1 சதவீதம், 25 உருட்டலில் 50.6. வாய்ப்புகளை நேராகக் கூட்டக் கூடாது, தவறும் வாய்ப்புகளைப் பெருக்கவேண்டும்.

மெரே பணம் தோற்றுத் தோற்று இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுவதை நம்பவேண்டியதில்லை. ஒரு சதவீதத்துக்கும் குறைவான சாய்வை மேசையில் உட்கார்ந்து உணர ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் வேண்டும். எண்கணிதம் தன்னைத்தானே மறுக்கிறது என்பதே அவருடைய புகாராக பாஸ்கலின் கடிதத்தில் வருகிறது.

## இனி, பந்தயம்

1654 நவம்பர் 23 இரவு பாஸ்கலுக்கு ஓர் ஆழ்ந்த சமய அனுபவம் ஏற்பட்டது. அதன்பின் கணிதத்தையே விட்டுவிட்டார் என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. 1658-ல் உருளும் சக்கரத்தின் விளிம்பு வரையும் வளைகோடு பற்றிப் போட்டி அறிவித்து, தானும் தீர்வுகளை வெளியிட்டார். 1662 மார்ச்சில் பாரிசில் ஓடத் தொடங்கிய ஐந்து சூ (அக்காலப் பிரெஞ்சுச் சிறு நாணயம்) கட்டணக் குதிரை வண்டிகள் அவர் யோசனை. நிர்ணயித்த வழி, நிர்ணயித்த கட்டணம், ஆள் நிரம்பாவிட்டாலும் புறப்பாடு என்ற நகரப் போக்குவரத்து. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று 39 வயதில் இறந்தார். கிறித்தவத்துக்கு ஆதரவாக அவர் எழுத எண்ணிய நூலுக்கான குறிப்புகள் 1670-ல் 'சிந்தனைகள்' என்ற பெயரில் வந்தன. பந்தயம் அந்த முடிவுறாத குறிப்புகளில் ஒன்று.

அதன் முதல் அடியே, பகுத்தறிவால் கடவுள் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது என்பது. சான்று தரமுடியாது என்று தொடங்கும் ஒன்றைச் சான்று என்று கொண்டாடுவதும் தவறு, சான்றாகத் தோற்றது என்று இகழ்வதும் தவறு. அடுத்த அடி, பந்தயத்திலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது என்பது. நாம் ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்டோம் என்கிறார். வாழ்வதே ஏதோ ஒரு பக்கம் கட்டுவதுதான்.

அதன்பின், "ஜெயித்தால் எல்லாம், தோற்றால் ஒன்றுமில்லை" என்று வருகிறது. நாம் விவாதங்களில் கேட்கும் வடிவம் இங்கேயே நின்றுவிடுகிறது. பாஸ்கல் நிற்கவில்லை. குறிப்பில் தன்னோடு வாதாடும் கற்பனை எதிராளியை உடனே மறுக்கவிடுகிறார்: நான் அளவுக்கு மீறிப் பணயம் வைக்கிறேனோ? அதாவது, இழப்பு பூஜ்யம் அல்ல, என் ஒரே வாழ்க்கையை அல்லவா வைக்கிறேன். இந்த மறுப்புக்குத்தான் 1654-ன் கருவி வெளியே வருகிறது. ஒரு வாழ்க்கையை வைத்து இரண்டை வெல்ல முடிந்தால்? மூன்றை? வெல்வது முடிவிலியாக இருந்தால்? வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பூஜ்யமாக இல்லாதவரை, முடிவிலியோடு பெருக்கினால் முடிவிலி. பணயம் எல்லைக்கு உட்பட்டது. ஆக 50-க்கு 50 என்ற ஊகமே அவருக்குத் தேவைப்படவில்லை.

"நம்ப முயன்றாலும் என்னால் முடியவில்லையே" என்று அந்தக் குரல் மீண்டும் கேட்கிறது. கட்டளையிட்டால் நம்பிக்கை வராது என்பதை பாஸ்கல் ஏற்கிறார். நம்புகிறவர்களின் பழக்கங்களைப் பின்பற்றித் தொடங்கு என்பது அவர் பதில். உடன்படலாம், மறுக்கலாம். நான் உடன்படவில்லை. ஆனால் "சும்மா நம்பி வை" என்பதைவிட எவ்வளவோ நேர்மையான பேச்சு இது.

## கருவி எங்கே உடைகிறது?

கணக்கில் இரண்டு இடங்களில் விரிசல் விழுகிறது.

ஒன்று, விளைவுகளின் பட்டியல். 'இந்தக் கடவுள் உண்டு', 'கடவுளே இல்லை' என்று இரண்டே வரிகள் எழுதியிருக்கிறார். ஓர் இமாமும் இதே வாதத்தைச் செய்யலாமே என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ கேட்டார். ஒன்றையொன்று விலக்கும் பல நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் முடிவிலிப் பரிசை வாக்களித்தால், எல்லாவற்றின் எதிர்பார்ப்பு மதிப்பும் முடிவிலிதான். எதையும் தேர்ந்தெடுக்கக் கருவி உதவாது. ரோபர்வாலின் பிழைக்கு இது உறவு. எதை எண்ணுகிறோம் என்பதைச் சரிபார்க்காமல் எண்ணத் தொடங்கினால் பெருக்கல் சரியாக இருந்தும் விடை சரியாகாது.

இரண்டு, முடிவிலி. நம்புவதா வேண்டாமா என்று நாணயம் சுண்டி முடிவெடுப்பவரைப் பாருங்கள். அவருக்கு நம்பிக்கைப் பக்கம் விழ பாதி வாய்ப்பு. பாதி முடிவிலியும் முடிவிலிதான். உறுதியாக நம்புகிறவருக்கும் அவருக்கும் கணக்கில் வேறுபாடே இல்லை.

பணத்தை வைத்தே இந்தச் சிக்கலைக் காட்டலாம். தலை விழும்வரை நாணயம் சுண்டுங்கள். முதல் முறையே தலை என்றால் 2 ரூபாய், இரண்டாம் முறை என்றால் 4, மூன்றாம் முறை 8, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு படியும் எதிர்பார்ப்பு மதிப்பில் ஒரு ரூபாய் சேர்க்கிறது. படிகளுக்கு முடிவில்லை, ஆகவே மதிப்பு முடிவிலி. இந்த ஆட்டத்துக்கு வீட்டை விற்று நுழைவுக் கட்டணம் கட்டுவீர்களா? யாரும் கட்டமாட்டார்கள். 1713-ல் நிக்கோலாஸ் பெர்னூலி எழுப்பிய புதிர் இது.

1738-ல் அவருடைய உறவினர் டேனியல் பெர்னூலி ஒரு விடை தந்தார். கையில் இருக்கும் சொத்தைப் பொறுத்தே அடுத்த ரூபாயின் பயன் அமைகிறது. ஏழைக்கு 64 காசும் செல்வந்தருக்கு 64 காசும் ஒன்றல்ல. பாஸ்கலின் கருவி விலையைச் சொல்லும், அந்த விலையில் நீங்கள் வாங்கலாமா என்று சொல்லாது.

டேனியல் பெர்னூலி தந்த உதாரணம் ஒரு வணிகர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக் கப்பலில் வரும் அவர் சரக்கு 10,000 ரூபிளுக்கு விற்கும். நூறு கப்பலில் ஐந்து மூழ்கும். எதிர்பார்ப்பு இழப்பு 500 ரூபிள், காப்பீட்டுக்குக் கேட்பதோ 800. எதிர்பார்ப்பு மதிப்பை மட்டும் பார்த்தால் காப்பீடு நட்டம். பெர்னூலியின் கணக்குப்படி, வணிகரிடம் வேறு சொத்து 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் 800 கொடுத்துக் காப்பீடு செய்வதே அறிவு, அதற்கு மேல் இருந்தால் வேண்டாம். அதே 800-க்கு அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் மறுதரப்பிடம் குறைந்தது 14,243 ரூபிளாவது இருக்கவேண்டும்.